ரோமக் காசும் தகர வில்லையும்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து மாமா ஒருவர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். லயத்துக்குப் பின்னால் கான் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டதாம். கறுத்துத் துருவேறிய சின்ன வட்டத் தகடு, ஓரத்தில் ஓர் ஓட்டை. கூடவே ஒரு குரல் பதிவு: "ஏன் புள்ள, இது ரோமாபுரிக் காசா?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நான்தான். சில மாதங்களுக்கு முன் தோட்டத்துப் பிள்ளைகளோடு பேசக் கூப்பிட்டபோது, இலங்கை மண்ணில் ஆயிரக்கணக்கான ரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன என்று சொல்லியிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த பேத்தி அதை அப்படியே வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள்.

மாமாவின் கையில் இருந்தது ரோமக் காசு அல்ல. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரோமக் காசு எப்படி இருக்கும், எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம்.

படங்களில் நாம் பார்த்துப் பழகிய பளபளக்கும் தங்கக் காசுகள் இலங்கையில் குறைவு. இங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக் காசுகள். சில விரல்நகத்தை விடவும் சிறியவை, தேய்ந்து முகம் தெரியாதவை. அநுராதபுரம், சிகிரியா, மாந்தை, தென்கரையோரம், யாழ்ப்பாணத்துக் கந்தரோடை என்று பல இடங்களில் இவை கிடைத்துள்ளன. கந்தரோடையில் 1917ஐ ஒட்டிய வருடங்களில் ஆய்வு செய்த போல் ஈ. பீரிஸ் அங்கு கிடைத்த ரோமக் காசுகளைப் பற்றி எழுதினார். எச். டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலும் இவற்றுக்கு இடமுண்டு. காசு போதாமல் போனபோது இங்குள்ளவர்களே ரோமக் காசைப் பார்த்து அதேபோல் வார்த்துக்கொண்டார்கள். அந்தப் போலிகளும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. போலி என்றாலும் சந்தையில் செல்லுபடியான காசாகத்தான் அவை இருந்திருக்க வேண்டும்.

இந்தச் செப்புக் காசுகளில் அடிக்கடி வரும் பெயர்களில் தியோடோசியஸ், அவரது மகன் ஆர்காடியஸ் இரண்டும் அடங்கும். இருவரும் ரோமப் பேரரசர்கள். ஆனால் பிறந்தது ரோமில் அல்ல, இன்றைய ஸ்பெயினில். ஐபீரியாவில் பிறந்த ஒருவரின் முகம் பதித்த காசை மாந்தையில் யாரோ ஒரு வியாபாரி எண்ணி வாங்கியிருக்கிறார்.

ஸ்பெயினுக்கும் நமக்கும் உள்ள தொடர்பு இதற்கும் முந்தியது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற ரோம அதிகாரி, தன் 'இயற்கை வரலாறு' நூலில் தப்ரபேன் என்ற தீவைப் பற்றி எழுதுகிறார். அது இலங்கை. அன்னியஸ் புளோகாமஸ் என்பவர் செங்கடல் பகுதியில் வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். அவரிடம் அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியக் கரையோரமாகப் போகும்போது காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இத்தீவின் ஹிப்பூரோஸ் துறைமுகத்தில் ஒதுங்குகிறார். அது குதிரைமலை முனை என்று சொல்பவர்கள் உண்டு. அரசன் அவரை ஆறு மாதம் வைத்து உபசரிக்கிறான். அவரிடம் இருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு பேரரசர்களின் முகங்கள் இருந்தும் எடை எல்லாம் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு வியந்து, நால்வரைத் தூதாகப் பேரரசர் கிளாடியஸிடம் அனுப்புகிறான். கிளாடியஸின் ஆட்சி கி.பி. 41 முதல் 54 வரை.

கதைபோல இருந்தாலும் புளோகாமஸ் கற்பனை மனிதர் அல்ல. எகிப்தின் பாலைவனத்தில், செங்கடல் துறையான பெரெனிகே செல்லும் வழியிலுள்ள பாறையொன்றில், அவருடைய ஆளான லைசாஸ் என்பவர் தன் பெயரையும் அவர் பெயரையும் வெட்டிவைத்திருக்கிறார். அதன் காலம் கி.பி. 6.

அரசன் வியந்த அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? அக்காலத்து ரோமின் வெள்ளியில் பெரும் பங்கு ஐபீரியச் சுரங்கங்கள் கொடுத்தது. தங்கமும் அப்படித்தான். ஸ்பெயினின் வடமேற்கில் லாஸ் மெதுலாஸ் என்ற இடம் இருக்கிறது. மலைக்குள் சுரங்கம் குடைந்து, நூறு கிலோமீற்றருக்கும் மேலான வாய்க்கால்களில் கொண்டுவந்த தண்ணீரை உள்ளே திறந்துவிட்டு, மலையையே சரித்துத் தங்கம் அரித்தார்கள். சரிந்த மலை இன்றும் சிவந்த பற்களைப்போல நிற்கிறது. யுனெஸ்கோ 1997இல் அதை உலக மரபுரிமைத் தளமாக்கியது. ஸ்பெயினில் அதிகாரியாக இருந்த பிளினியே இந்த முறையை விவரிக்கிறார். குடைபவர்கள் விளக்கு வெளிச்சத்தில் முறைவைத்து வேலை செய்வார்கள், பல மாதங்கள் பகல் வெளிச்சத்தையே காணமாட்டார்கள் என்று எழுதுகிறார். அப்பகுதியிலிருந்து வருடத்துக்கு 20,000 ரோம இறாத்தல் தங்கம் போனதாகக் கணக்கும் தருகிறார். அது 6,500 கிலோவுக்கு மேல். மலையை வெட்டியவர்களில் ஒருவர் பெயரைக்கூட அவர் தரவில்லை. அதே நூலில் தப்ரபேனில் யாரும் அடிமை வைத்திருப்பதில்லை என்று தூதர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். தூதர்கள் தம் நாட்டைப் பற்றி வேறெப்படிச் சொல்வார்கள்?

மலைநாட்டைப் பற்றியும் ரோம உலகுக்கு ஒரு செய்தி எட்டியிருந்தது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி, இத்தீவை உண்மையை விடப் பல மடங்கு பெரிதாகக் காட்டி விவரித்தார். அதில் 'மலேயா' என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் யானைகள் மேய்வதாகக் குறிப்பு. பாலி நூல்களும் மத்திய மலைநாட்டை 'மலய' என்றே அழைக்கின்றன. அதன் வேர் மலை என்ற திராவிடச் சொல்தான் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. இதைச் சொன்னதும் கூட்டங்களில் சிலர் கைதட்டுவார்கள், "அப்போதே நாங்கள் இங்கே இருந்தோம்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேள்விப்பட்ட ஒரு பெயரை எகிப்தில் இருந்த ஒருவர் எழுதிவைத்தார் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. இந்த மண்ணில் நமக்குள்ள உரிமைக்கு இருநூறு வருட உழைப்பு போதும், தொலமியின் சாட்சி தேவையில்லை.

ரோமக் காசுக்கும் மலையக மக்களுக்கும் உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. நம் முன்னோரின் ஊர்களை எண்ணிப் பாருங்கள்: திருச்சி, கரூர், நாமக்கல், சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம். இவற்றில் பல ரோமக் காசு நிறைய விளைந்த நிலங்கள். புதுக்கோட்டைச் சீமையின் கருக்காக்குறிச்சியில் 1898இல் ஒரே பானையில் 501 தங்கக் காசுகள் கிடைத்தன. பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். கரூரிலும் அமராவதி ஆற்று மணலிலும் ரோமக் காசுகள் கிடைத்தன. மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கல்லுக்கும் துணிக்கும் விலையாக அவை வந்தன. புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த சாடிகளின் உடைசல்களில் ஸ்பெயினிலிருந்து மீன்சாறு கொண்டுவந்த சாடிகளும் இருந்தன.

அந்த ஊர்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் கங்காணியின் பேச்சாலும் புறப்பட்டவர்கள் கடல் கடந்து இறங்கியது மன்னார்க் கரையில். மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், திருக்கேதீச்சரம் கோயிலைச் சுற்றி மண்மேடாகக் கிடப்பதுதான் பழைய மாந்தைத் துறைமுகம். ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் 1980இல் அங்கே தொடங்கிய அகழாய்வு 1984இல் போரால் நின்றது. அறிக்கை நூலாக வர ஏறத்தாழ முப்பது வருடம் எடுத்தது. போர் முடிந்து 2009, 2010இல் மீண்டும் தோண்டியபோது கருகிய தானியங்களைச் சலித்தெடுத்து ஆராய்ந்தார்கள். கி.பி. 100 - 200ஐச் சேர்ந்த கோதுமை கிடைத்தது. பிந்திய காலத்து மிளகும் கராம்பும் திராட்சை விதையும்கூடக் கிடைத்தன. நெல் விளையும் நாட்டில் கோதுமை என்றால், கடல்தாண்டி வந்த யாரோ தமக்குப் பழகிய சாப்பாட்டைத் தேடியிருக்கிறார்கள்.

இதை வாசிக்கும் பலருக்கு அகழ்வு என்ற சொல்லே வேறு நினைவைத் தரும் என்பது தெரியும். 2013 டிசம்பரில் இதே திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. எண்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அது பழைய மயானம் என்றது தொல்பொருள் திணைக்களம். காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடுபவர்கள் அதை ஏற்கவில்லை. மண்ணுக்குள் இருப்பதன் வயதை யார் சொல்கிறார் என்பது இந்த நாட்டில் வெறும் ஆராய்ச்சி விடயம் அல்ல.

மன்னாரில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 2023 ஜூலை, ஆகஸ்ட்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த மலையகம் 200 நடைபயணம் அந்தப் பாதையைத்தான் நினைவுகூர்ந்தது. இப்போது ரோமக் காசு கிடைத்த இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். மாந்தை, அநுராதபுரம், சிகிரியா. ஏறக்குறைய அதே வழி. காசு நடந்த பாதையில் பதினான்கு, பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து நம்மவர்கள் நடந்தார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையிலிருந்து வன்னிக்கு இறங்கிய குடும்பங்கள் வடக்கு நோக்கித் திரும்பி நடந்து கடைசியில் போருக்குள் அகப்பட்டன.

இனி மாமாவின் தகடு. கழுவித் துடைத்து இன்னொரு படம் அனுப்பச் சொன்னேன். ஓர் ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் மங்கலாகத் தெரிந்தன. 1901இல் தொடங்கிய டின் டிக்கெட் முறையின் வில்லை அது என்றே நினைக்கிறேன். நடைப்பாதை கைவிடப்பட்டு, ஆட்களைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலிலும் 1914க்குப் பிறகு தலைமன்னார் வழியாக ரயிலிலும் கொண்டுவந்த காலம். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்பதைக் காட்டும் இலக்கம் பொறித்த வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். வழிச்செலவு அந்த இலக்கத்தின் கணக்கில் ஏறும், பிறகு தொழிலாளியின் கடனாகும். ரோமக் காசில் பேரரசரின் பெயராவது இருக்கும். இதில் அணிந்தவரின் பெயர்கூட இல்லை.

தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டுமா என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதே தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. மாமாவின் கானில் கிடைத்தது தியோடோசியஸின் தேய்ந்த செப்புக் காசாக இருந்திருந்தால் உடனே அறிவிக்க வேண்டும், ஒளித்தால் குற்றம். தகர வில்லைக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கம்பளையில் கோப்பித் தோட்டம் தொடங்கியதே 1820களில். லயம், தொழிற்சாலை, கல்லறை, பேர்ச்சீட்டு என்று மலையக மக்கள் தொட்ட எல்லாமே அந்தத் திகதிக்குப் பிந்தியவை. பிந்திய கட்டடங்களை வர்த்தமானியில் தனியாக அறிவித்துப் பாதுகாக்க வழி இருக்கிறது. லயத்துக்காக அதை யார் கேட்பது?

லயங்களை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதில் குடியிருந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். கூரை ஒழுகும் பத்தடி அறையை விட்டுத் தனி வீட்டுக்குப் போவதுதான் முதல் வேலை. ஆனால் லாஸ் மெதுலாஸில் சரிந்த மலையோடு அந்தச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தவர்களின் குடியிருப்புகளையும் தோண்டி ஆராய்ந்து பாதுகாத்திருக்கிறார்கள். இங்கே பழைய தேயிலைத் தொழிற்சாலை சுற்றுலா விடுதியாகிறது, லயம் தடயமில்லாமல் போகிறது. கம்பளைப் பக்கம் பழைய லய அறைகளில் அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் போல ஒன்றிரண்டு முயற்சிகள்தான் மிச்சம். அரச அருங்காட்சியகங்களில் ரோமக் காசுக்கு இருக்கும் கண்ணாடிப் பேழை அளவுக்கு ஓர் இடம் இந்த வில்லைக்கும் வேண்டும்.

அது ரோமக் காசு இல்லை என்றதும் மாமா கொஞ்சம் ஏமாந்துதான் போனார். என்னவென்று விளக்கியபோது நெடுநேரம் பேசவில்லை. அவரது தாத்தா வந்தது தூத்துக்குடி வழியாம். இப்போது அந்த வில்லை சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. கான் இன்னும் பாதிதான் வெட்டியிருக்கிறது. மிச்சத்தை வெட்டும்போது மெதுவாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.