ஆறு கொணர்ந்த கருமணல்: வட சிலாங்கூர் மண்ணில் ஈயமும் யுரேனியமும்

கோலசிலாங்கூர் வட்டாரத்தின் வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் மரங்களிலிருந்தே தொடங்குகின்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே, 1917ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழ்வும் இடம்பெறும் அவருடைய புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. ரப்பரையும் செம்பனையும் அவற்றுக்காக உழைத்த நம் முன்னோரையும் நாம் அறிவோம். அம்மரங்களைத் தாங்கிய மண்ணை அறிவோமா என்பதே இவ்வுரையின் வினா.

இவ்வினாவை எழுப்பக் காரணம் உண்டு. யுரேனியம் என்றதும் ஏதோ தொலைநாட்டுப் பாலைவனச் சுரங்கம் நம் மனத்தில் தோன்றுகிறது. வட சிலாங்கூரில் யுரேனியச் சுரங்கம் எதுவும் இல்லை என்பது மெய்யே. ஆயினும் ஈயம் தோண்டப்பட்ட வண்டல் நிலங்களில் யுரேனியமும் அதன் உறவான தோரியமும் சிறு மணிகளாக உறைகின்றன. அவை எவ்வாறு அங்கு வந்தன, எந்நிலையில் தீங்கற்றவை, எந்நிலையில் தீங்கானவை என்பவற்றை அறிவது இம்மண்ணில் வாழ்வோர்க்குத் தேவையான கல்வியாகும்.

இரு வழிகள்

யுரேனியத்தின் தாயகம் பெரும்பாலும் கிரானைட் என்னும் கருங்கல். பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது, பொதுவான கனிமங்கள் முதலில் படிகமாகின்றன. அப்படிகங்களுள் எளிதில் இடம்பெறாத தனிமங்கள் கடைசியாக எஞ்சும் குழம்பில் திரள்கின்றன. ஈயம், டங்ஸ்டன், யுரேனியம், தோரியம் ஆகியவை இவ்வாறு ஒதுக்கப்பட்டவை. மலாயாத் தீபகற்பத்தின் முதுகெலும்பாகிய நடுமலைத்தொடரின் கருங்கல் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது. அக்கல்லில் ஈயம் இருக்கும் இடத்தில் யுரேனியமும் தோரியமும் துணையாய் இருப்பது அதனாலேயே ஆகும்.

கருங்கல்லிலிருந்து படிவுப் பாறைக்கு யுரேனியம் செல்லும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, நீரில் கரைந்து செல்வது. உயிர்வளி கலந்த நீரில் யுரேனியம் எளிதில் கரையும். அந்நீர் மணற்கல்லின் இடுக்குகள் வழியே ஊறிச் செல்லும்போது, மட்கிய மரம், கரிப்பொருள் போன்றவை உயிர்வளியைத் தீர்த்துவிட்ட இடத்தை அடைந்தால், கரைந்த யுரேனியம் கரையாத நிலைக்கு மாறி அங்கேயே படிந்துவிடும். இந்தியாவின் மேகாலயா மாநிலத்தில் தொமியாசியாத் என்னுமிடத்து மணற்கல்லில் காணப்படும் யுரேனியம் இவ்வகையைச் சார்ந்தது. ஆந்திரத்தின் தும்மலப்பள்ளியில் அது சுண்ணாம்பு சார்ந்த படிவுப் பாறையில் அடுக்கோடு அடுக்காக அமைந்துள்ளது. வீட்டுத் தளங்களில் நாம் காணும் கடப்பைக் கல்லைத் தந்த அதே கடப்பைப் படுகையே இதன் இருப்பிடம்.

மற்றொரு வழி, கரையாமல் மணியாகவே உருண்டு வருவது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் படிவுகளில் யுரேனியக் கனிமமான யுரேனினைட் மணிகள் தங்கத்தோடு கூழாங்கற்களிடையே கிடக்கின்றன. அப்படிவுகள் ஏறத்தாழ 280 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் உயிர்வளி பெருகியது. அதன்பின் அத்தகைய மணிகள் ஆற்றில் நெடுந்தொலைவு கரையாமல் பயணம் செய்வது அரிதாயிற்று. இன்றைய ஆறுகளில் யுரேனியம் மணியாக வரவேண்டுமெனில், கரையாத வேறொரு கனிமத்தின் உள்ளே ஒளிந்து வரவேண்டும். அக்கனிமங்களுள் தலையாயது மோனசைட். செந்தவிட்டு நிறமுடைய பாஸ்பேட் கனிமம் அது. அதில் அருமண் தனிமங்களே மிகுதி. அவற்றோடு தோரியம் நூற்றுக்குச் சில பங்கும், யுரேனியம் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவாகவும் உள்ளன. வட சிலாங்கூரின் கதை இந்த இரண்டாம் வழியின் கதை.

சிலாங்கூர் ஆற்றின் பணி

நடுமலைத்தொடரில் பிறக்கும் சிலாங்கூர் ஆறு உலு சிலாங்கூர் வழியாக இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தையைக் கடந்து, கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. வெயிலும் மழையும் கருங்கல்லைச் சிதைக்கின்றன. ஆறு சிதைவுகளைச் சுமந்து வருகிறது. விரைவு குறையும் இடத்தில் எடைமிகுந்த மணிகள் முதலில் தங்குகின்றன. குவார்ட்ஸ் மணல் நீரைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேற்பட்ட அடர்த்தியுடையது. மோனசைட் சுமார் ஐந்து மடங்கு. ஈயத்தின் கனிமமான காசிட்டரைட் சுமார் ஏழு மடங்கு. ஆகவே வெண்மணல் கடலை நோக்கிச் செல்ல, கரிய கனமணிகள் சரளைப் படுகைகளில் செறிந்தன. டூலாங் தட்டை நீரில் சுழற்றி ஈயம் அரித்த பெண்கள் கையால் செய்த வேலையை ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்து வந்தது.

ஆற்றின் இச்செயல் தொல்பழங்காலத்துடன் முடிந்துவிடவில்லை. 1883ஆம் ஆண்டு அக்டோபரில் கோலகுபுவில் அணை உடைந்து ஊரைப் பெருவெள்ளம் அழித்தது. பின்னாளில் மேற்பகுதிச் சுரங்கங்கள் ஆற்றில் விட்ட சேறும் மணலும் படுகையை உயர்த்தின. வெள்ளம் ஓயாமல் வரவே ஊரையே மேட்டுநிலத்திற்கு மாற்றினர். இன்றைய கோலகுபு பாரு அவ்வாறு 1930களில் எழுந்த ஊர். படிவு என்பது பாடநூலில் மட்டும் காணும் சொல்லன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தமிழகத்துக் கரையில் அதே மணல்

மோனசைட் தமிழர்க்குப் புதியதன்று. 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதனைத் தொடர்ந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் அகழ்வு தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கத்துத் தொல்பாறைகள் சிதைந்து, ஆறுகள் கொணர, அலைகள் அரித்துச் செறிவாக்கிய கருமணல் அது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்த அவ்வூரில் இந்திய அருமண் நிறுவனம் இன்றும் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது.

அக்காலத்தில் மோனசைட்டைத் தேடியவர்கள் அணு ஆற்றலை எண்ணித் தேடவில்லை. எரிவளி விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேண்டில்' வெண்ணொளி வீசியதும் தோரியத்தினால்தான். மின்சாரம் வாராத நாளில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் மேடை நாடகங்களிலும் அவ்வொளி பரவியதை நம் மூத்தோர் நினைவுகூர்வர். நம் வாழ்வில் தோரியம் பெயர் அறியப்படாமலேயே நுழைந்திருந்தது.

ஆமாங்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை பெரும் ஈய வட்டாரமாக விளங்கியது. ஈயக் கப்பல்கள் தாமே உண்டாக்கிய குட்டைகளில் மிதந்து, வாளிச் சங்கிலிகளால் வண்டலை அள்ளிக் கழுவி, ஈயத்தைப் பிரித்தன. தோட்டத்து லயன்களும் ஈய லம்பங்களும் அண்டை அயலாய் இருந்த நிலம் அது. ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் கனமான கருமணலை மலாய்மொழியில் 'ஆமாங்' என்பர். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் ஆகியவை அதில் உள்ளன. முன்பு கழிவெனப்பட்ட ஆமாங், பின்னர் காந்தத்தாலும் மின்னேற்றத்தாலும் கனிமம் கனிமமாகப் பிரிக்கப்பட்டு விலைபோயிற்று.

இங்குதான் வரலாறு திரும்புகிறது. மண்ணில் பரந்து கிடக்கும் மோனசைட் மணியால் பெருந்தீங்கு இல்லை. அது எளிதில் கரைவதுமில்லை. மனிதர் அதனைச் செறிவாக்கிக் குவிக்கும்போது, தூசாக மூச்சில் ஏறும்போது, அமிலமோ காரமோ கொண்டு சிதைத்துத் தோரியக் கழிவை வேறாக்கும்போதுதான் கதிரியக்கம் பொதுமக்கள் சிக்கலாகிறது.

பேராவின் புக்கிட் மேரா இதற்குச் சான்று. ஈய நிலங்களின் மோனசைட்டிலிருந்து அருமண்களைப் பிரிக்கும் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் அங்கு இயங்கத் தொடங்கியது. அதன் தோரியக் கழிவைப் பாப்பானில் வைக்கும் திட்டத்தை எதிர்த்து 1984இல் அவ்வூரார் திரண்டனர். அதே ஆண்டில் நாட்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் நிறைவேறியது. 1985இல் புக்கிட் மேரா மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தத் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அகற்றும் பணி அதன்பின் பல ஆண்டுகள் நீடித்தது.

குட்டைகளும் குடிநீரும்

1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்தது. விலை சரிந்தது. ஈயக் கப்பல்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2007இல் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிற்று. ஊர்ப்பெயர் மாறினாலும் ஈயக்குட்டைகள் அங்கேயே இருக்கின்றன. 2014ஆம் ஆண்டின் வறட்சியில் அவ்வட்டாரக் குட்டைகளின் நீர், குடிநீர்த் தேவைக்காகச் சிலாங்கூர் ஆற்றில் சேர்க்கப்பட்டது. அந்நீரில் கன உலோகங்கள் உண்டா என்ற விவாதமும் உடன் எழுந்தது.

இத்தகைய விவாதத்தில் நாம் அச்சத்தையும் தவிர்க்க வேண்டும். அலட்சியத்தையும் தவிர்க்க வேண்டும். குட்டைநீரைப் பற்றிய கேள்வி வேறு. ஆமாங் குவித்த நிலத்தைப் பற்றிய கேள்வி வேறு. முன்னதற்கு நீரின் அமிலத்தன்மையையும் கரைந்த உலோகங்களையும் அளக்க வேண்டும். பின்னதற்கு நிலத்தின் கதிரியக்கத்தை அளக்க வேண்டும். தோட்டங்கள் விற்கப்பட்டு, குட்டைகள் தூர்க்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகும் இந்நாளில், வீடு வாங்கும் குடும்பம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்நிலத்தில் முன்பு என்ன செய்தார்கள்?

சொல்லின் பொறுப்பு

கேள்வி கேட்பதற்குச் சொல் வேண்டும். தமிழில் ஈயம் என்னும் ஒரு சொல் இரண்டு உலோகங்களைக் குறித்து வந்துள்ளது. வெள்ளீயம் நம் ஆற்றுப்படுகையில் தோண்டப்பட்டது. காரீயம் உடலுக்கு நஞ்சாவது. 'குட்டையில் ஈயம் உள்ளது' என்று ஓர் அறிவிப்பை மொழிபெயர்த்தால், ஈயலம்பத்தில் ஈயம் இருப்பதில் வியப்பென்ன என்று படிப்பவர் கடந்துபோவார். ஓர் அடைமொழி விடுபட்டதால் எச்சரிக்கை பொருளிழந்துவிடும். யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்து சிதைந்து இறுதியில் அடையும் வடிவமும் காரீயமே. வெள்ளீயத்தோடு ஆறு சேர்த்துக் கொணர்ந்த மணியினுள் காரீயம் மெல்லப் பிறந்துகொண்டிருக்கிறது. இவ்வுண்மையை 'ஈயம்' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க இயலாது.

எனவே ஆசிரியர்கள் வகுப்பறையில் வெள்ளீயம், காரீயம் என்று பிரித்தே வழங்குதல் வேண்டும். ஆமாங் என்னும் மலாய்ச் சொல்லை அப்படியே ஏற்று, அதன் பொருளை விளக்குதல் நன்று. ஈயலம்பம், ஈயக்கப்பல், ஈயக்குட்டை ஆகியவை நம் மக்கள் இம்மண்ணில் ஆக்கிய சொற்கள். அகராதிகள் அவற்றைக் கைவிடலாகாது. மாணவர்கள் தம் வீட்டு மூத்தோரிடம் எந்தக் குட்டை எந்தக் காலத்தில் தோண்டப்பட்டது, கருமணல் எங்கே குவிக்கப்பட்டிருந்தது என்று கேட்டு எழுதி வைக்கலாம். தோட்டம் இருந்த இடம் தெரியாமல் மாறிவரும் வட்டாரத்தில், அக்குறிப்பேடு வரலாற்றுக்கும் உதவும். அந்நிலத்தில் நாளை குடியேறுவோர்க்கும் உதவும்.