வாடகை வீட்டுக்குக் குடிபோறீங்களா? கரண்ட் பில் யார் பேரில் என்று முதலில் கேளுங்கள்

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், கூலிம்... சொந்த ஊரில் இருக்கும்வரை கரண்ட் பில்லும் தண்ணீர் பில்லும் அப்பா அம்மா பார்த்துக்கொண்ட விஷயம். கோலாலம்பூரிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ வேலை கிடைத்து, நண்பர்களோடு சேர்ந்து வீடு எடுத்த பிறகுதான் அது உங்கள் தலையில் வந்து விழுகிறது. வீட்டு முகவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "எல்லாம் ஓனர் பேர்லயே இருக்கு, மாத்த வேண்டாம். மாசாமாசம் கட்டினா போதும்."

கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான வாடகை வீடுகள் இப்படித்தான் ஓடுகின்றன, பல வருடம் ஒரு சிக்கலும் இல்லாமல். ஆனால் சிக்கல் என்று ஒன்று வந்தால், பில்லில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பெயரில் என்ன இருக்கிறது?

தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் தருவது தெனாகா நேஷனல், அதாவது டிஎன்பி. சபாவிலும் லாபுவானிலும் சபா எலக்ட்ரிசிட்டி, சரவாக்கில் சரவாக் எனர்ஜி. எங்கே போனாலும் அடிப்படை ஒன்றுதான்: மின்விநியோக நிறுவனத்தின் ஒப்பந்தம், கணக்கில் பதிவான நபரோடு. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பது அதற்கு இரண்டாம் பட்சம்.

கணக்கு உரிமையாளர் பேரில் இருந்தால், பில் அவர் மின்னஞ்சலுக்குப் போகும். அவர் உங்களுக்கு அனுப்ப மறந்தால் பாக்கி சேரும், துண்டிப்பு எச்சரிக்கையும் அவருக்கே போகும், இருட்டில் உட்காரப்போவது மட்டும் நீங்கள். வைப்புத்தொகை அவருடையது. இணைப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அவரிடம்தான். வாடகையில் ஏதாவது மனத்தாங்கல் வந்தால் இது எங்கே போய் முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டில் யாரோ மீட்டரில் கைவைத்து பிட்காயின் இயந்திரங்களை ஓட்டிவிட்டுப் போக, பெரிய தொகைக்கான பில் உரிமையாளர் வாசலுக்கு வந்த கதைகள் நம் நாட்டில் செய்தியாகவே வந்திருக்கின்றன. அதனால் விவரம் தெரிந்த உரிமையாளர்கள் இப்போது தாங்களாகவே "உங்க பேருக்கு மாத்திக்குங்க" என்கிறார்கள். அப்படிச் சொன்னால் தயங்காதீர்கள். உங்கள் பேரில் ஒரு பில் இருந்தால், வங்கியில் முகவரிச் சான்று கேட்கும்போதும் கைகொடுக்கும்.

சாவி வாங்கும் நாள்

பெயர் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதை மட்டும் தவறவிடாதீர்கள். சாவி வாங்கும் அன்றே மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுங்கள். மீட்டர் எண்ணும் அளவீடும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். எடுத்த கையோடு உரிமையாளருக்கோ முகவருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். பிறகு யாரும் "அது போன மாசம் நீங்க யூஸ் பண்ணதுதான்" என்று சொல்ல முடியாது.

மீட்டரில் உள்ள முத்திரை உடைந்திருக்கிறதா, தேவையில்லாத ஒயர் ஏதாவது தொங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் சாமான்களை இறக்குவதற்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். மீட்டர் சேதப்படுத்தப்பட்டது உறுதியானால், பதிவாகாமல் போன மின்சாரத்துக்குப் பின்தேதியிட்டுக் கட்டணம் கேட்க மின்விநியோகச் சட்டம் இடம்தருகிறது. முன்பு இருந்தவர் செய்த வேலைக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

கூடவே, கடைசியாக வந்த மின்சார, தண்ணீர், கழிவுநீர் பில்களைக் கேட்டு வாங்குங்கள். அதில் 'பாக்கி தெர்டாஹுலு' அல்லது 'துங்காக்கான்' என்ற வரிக்கு நேராகத் தொகை ஏதாவது இருக்கிறதா? அது முந்தைய நிலுவை. மலாயில் 'பாக்கி' என்பதும் நம்ம பாக்கிதான், சிரமப்பட வேண்டியதில்லை.

உங்கள் பேருக்கு மாற்றுவது எப்படி?

மைடிஎன்பி இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது டிஎன்பி கிளைக்கு நேரில் போகலாம். மைகாட், வாடகை ஒப்பந்தம், பழைய பில் அல்லது கணக்கு எண் கையில் இருக்கட்டும். ஏறக்குறைய இரண்டு மாத மின்கட்டணத்துக்குச் சமமான வைப்புத்தொகையும் 10 ரிங்கிட் முத்திரை வரியும் கட்டவேண்டும். உரிமையாளர் பேரில் உள்ள பழைய கணக்கில் பாக்கி இருந்தால் அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒரு விஷயம். வாடகைக்கு வரும்போது இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், அரை மாத வாடகையை 'யுட்டிலிட்டி டெபாசிட்' என்றும் வாங்குவது வழக்கம். வாடகை 1,500 ரிங்கிட் என்றால் 3,000 ஒரு பக்கம், 750 ஒரு பக்கம், முதல் மாத வாடகை 1,500. ஆக 5,250 ரிங்கிட் ஒரே மூச்சில் போகிறது. அந்த 750 எதற்கு? நீங்கள் பில் கட்டாமல் போய்விட்டால் சமாளிக்க. மின்சாரக் கணக்கை உங்கள் பேருக்கு மாற்றி டிஎன்பியிடமே வைப்புத்தொகை கட்டிவிட்டால், உரிமையாளரின் பயத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அதனால் அந்த 750-ஐக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்தான். ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டால் கேட்ட மாதிரி, பிறகு கேட்டால் கெஞ்சுற மாதிரி.

அறை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் பெயர் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே கேட்கவேண்டியது வேறு: பில்லை எப்படிப் பிரிக்கிறார்கள்? ஏர்கோன் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் ஒரே பங்கா? தனி மீட்டர் வைத்திருந்தால் யூனிட்டுக்கு எத்தனை சென்? மாதாமாதம் அசல் பில்லின் படத்தைக் காட்டுவார்களா? கடைசிக் கேள்விக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தால் வேறு அறை பார்ப்பது நல்லது.

நாலு பேர் இருக்கும் வீடு, 600 யூனிட்

2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் மின்கட்டண முறை மாறிவிட்டது. சிக்கனமாகப் பயன்படுத்துவோருக்கு யூனிட்டுக்கு இத்தனை சென் என்று ஊக்கக் கழிவு உண்டு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் அது யூனிட்டுக்கு 25 சென். பயன்பாடு கூடக்கூடக் கழிவு குறையும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் கிடையாது.

வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் உங்களுக்கு முக்கியமான எண் 600. அதைத் தாண்டினால் மூன்று விஷயம் சேர்ந்து வருகிறது: மாதம் 10 ரிங்கிட் சில்லறை விநியோகக் கட்டணம், எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் (இது கூடவும் செய்யும், குறையவும் செய்யும்), 600-க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு 8 விழுக்காடு சேவை வரி.

தாண்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட் அளவில் இழுக்கும். இன்வெர்ட்டர் வகை என்றால் குறையும். அப்படி மூன்று அறை, முப்பது இரவு: 450 யூனிட். குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், குளியலறை ஹீட்டர் எல்லாம் சேர்த்தால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடென்றால் தினசரிப் பயன்பாட்டை மைடிஎன்பி செயலியில் பார்க்கலாம். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் மாத நடுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டால், மாதக் கடைசியில் சண்டை வராது.

தண்ணீர்: மாநிலம் மாறினால் நிறுவனமும் மாறும்

மின்சாரம் மாதிரி தண்ணீருக்கு ஒரே நிறுவனம் இல்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் ஆயர் சிலாங்கூர். பினாங்கில் பிபிஏ, பேராக்கில் லெம்பாகா ஆயர் பேராக், ஜொகூரில் ரன்ஹில் எஸ்ஏஜே. ஈப்போவில் இருந்த கணக்கை அப்படியே கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு வரமுடியாது. அங்கே மூடி, இங்கே புதிதாகத் தொடங்கவேண்டும். கழிவுநீருக்குப் பெரும்பாலான இடங்களில் இண்டா வாட்டர். சின்னத் தொகைதான், அதனால்தான் யாரும் கவனிக்காமல் பாக்கி குவிந்துவிடுகிறது. யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கொண்டோமினியம் என்றால் கதை கொஞ்சம் மாறும். சில கட்டடங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே பெரிய மீட்டர். தண்ணீர் பில் நிர்வாக அலுவலகத்திலிருந்துதான் வரும். பராமரிப்புக் கட்டணம் உரிமையாளர் பொறுப்பு. அவர் கட்டாமல் இழுத்தடித்தால் நிர்வாகம் நுழைவு அட்டையை முடக்கலாம், விதிமுறையில் அதற்கு இடமிருக்கிறது. முடங்குவது உங்கள் கையில் இருக்கும் அட்டை. ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும் அன்றே நிர்வாக அலுவலகத்தில் எட்டிப் பார்த்து, "இந்த யூனிட்டுக்கு பாக்கி ஏதாச்சும் இருக்கா?" என்று கேளுங்கள். விவரம் தர மறுத்தால், உரிமையாளரிடம் அண்மைய ரசீதைக் கேளுங்கள்.

இணையம்: 12 மாத வீடு, 24 மாத ஒப்பந்தம்

யூனிஃபை, மேக்சிஸ், டைம், செல்கோம்டிஜி என்று விளம்பரங்கள் நிறைய. ஆனால் உங்கள் கட்டடத்துக்கு எதன் ஃபைபர் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு. முகவரியைக் கொடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவராக இருந்தால், வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே.

பொறி வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு ஃபைபர் திட்டங்கள் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம். வாடகை ஒப்பந்தமோ 12 மாதம். நடுவில் வீடு மாறினால் புது முகவரிக்கு மாற்றித் தருவார்களா, அங்கே சேவை இல்லையென்றால் எவ்வளவு அபராதம் என்று கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். யார் பேரில் பதிவாகிறதோ அவர்தான் கடைசிவரை மாட்டிக்கொள்பவர். நண்பர்கள் வீட்டில் இது அடிக்கடி மறந்துபோகும்.

கேஸ் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 14 கிலோ தோம்பின் மானிய விலை 26 ரிங்கிட் 60 சென், வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி. சில அடுக்குமாடிகளில் தோம்பு வைக்க அனுமதி இல்லை. அங்கே மின் அடுப்புதான், அதுவும் 600 யூனிட் கணக்கில் சேரும்.

அந்த 3,750 ரிங்கிட்டைத் திரும்ப வாங்க

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இப்போதைக்கு உங்களைக் காப்பது கையில் இருக்கும் ஒப்பந்தம். அதுவும் முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம். கையெழுத்தான 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் அதைச் செய்யவேண்டும். ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட். மேலே சொன்ன 1,500 ரிங்கிட் வீட்டுக்கு 72 ரிங்கிட் வரும். ஓராண்டுக்கு மேல், மூன்றாண்டுக்குள் என்றால் 250-க்கு 3 ரிங்கிட். ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி 1 முதல் இல்லை.

முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. பிறகு கட்டப் போனால் அபராதமும் சேரும். முன்பணத்தை உரிமையாளர் திருப்பித் தரவில்லையென்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு வழக்கறிஞர் இல்லாமலே நீங்களே மனு கொடுக்கலாம். நம் கணக்கில் 3,000-மும் 750-ம் சேர்த்து 3,750. அதற்குள் அடங்கிவிடுகிறது. சாவி வாங்கிய அன்று எடுத்த மீட்டர் படம், பில் ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் அப்போதுதான் வேலைக்கு வரும்.

காலி செய்யும்போது

கணக்கு உங்கள் பேரில் இருந்தால், வெளியேறும் தேதியை முன்கூட்டியே தெரிவித்து மூடிவிடுங்கள். "அடுத்து வர்றவங்க மாத்திக்குவாங்க" என்று விட்டுவிட்டால், அவர்களுடைய ஏர்கோன் உங்கள் பில்லில் ஓடும். கடைசி நாளும் மீட்டரைப் படம் எடுங்கள். இறுதிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதி வைப்புத்தொகையை வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். அதனால் கணக்கு மூடும் விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, உங்கள் சொந்தப் பேரில் உள்ள கணக்கையே கொடுங்கள்.