ஈறு நோயும் குழந்தையின் வளர்ச்சியும்: ஒரு சிகிச்சைச் சோதனையின் மறுவாசிப்பு

கர்ப்ப காலத்து ஈறு நோய் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்போர் பெரிதும் சார்ந்திருப்பது அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையை. மினசோட்டா, கென்டக்கி, மிசிசிப்பி, நியூயார்க் ஆகிய இடங்களில் ஈறு நோயுள்ள 823 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய அச்சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு 21ஆம் வாரத்துக்குள் பற்காரையை நீக்கி, பல் வேர்களைச் சுத்தம் செய்தனர். மறு பிரிவினருக்கு அதே சிகிச்சை பிரசவத்துக்குப் பிறகே கிடைத்தது. குறைமாதப் பிறப்பு முறையே 12.0, 12.8 விழுக்காடு. 2011இல் வெளியான தொடராய்வு, இத்தாய்மார்களின் குழந்தைகளில் 411 பேரை 24 முதல் 28 மாத வயதில் பெய்லி என்னும் குழந்தை வளர்ச்சி அளவுகோல் உள்ளிட்ட சோதனைகள் கொண்டு ஆராய்ந்தது. அறிதிறன், உடலியக்கம், மொழி மூன்றிலும் இரு பிரிவுகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த எண்கள் பிழையற்றவை. அவற்றிலிருந்து பெறப்படும் முடிவுதான் ஏற்கத்தக்கதாக இல்லை. சோதனை கேட்ட கேள்வி, கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ஈறுகளுக்குச் சிகிச்சை அளித்தால் பயன் உண்டா என்பது. நோய் கருவைப் பாதிக்கிறதா என்பது வேறு கேள்வி. சிகிச்சை தொடங்கும் முன்பே நஞ்சுக்கொடி உருவாகிவிடுகிறது. கருவின் மூளைக்கு அடித்தளமான நரம்புக்குழாய் மூடிக்கொள்வதோ முதல் சில வாரங்களிலேயே. அந்த வாரங்களில் இரு பிரிவுப் பெண்களுக்கும் நோய் இருந்திருக்கும்.

இதைவிட முக்கியமான சான்று அதே சோதனையின் இரத்தப் பரிசோதனையில் கிடைக்கிறது. ஈறுகளின் நிலை சிகிச்சையால் மேம்பட்டது. ஆனால் இரத்தத்தில் அளக்கப்பட்ட அழற்சிக் குறிகள் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. தாயின் உடலழற்சி வழியாகவே ஈறு நோய் கருவை எட்டுகிறது என்று கொண்டால், அந்த வழியைச் சிகிச்சை அடைக்கவேயில்லை. அடைக்காத வழியைப் பற்றி அச்சிகிச்சையின் விளைவு எதையும் மெய்ப்பிக்காது. ஈறுகள் உடலழற்சிக்குக் காரணமாவதே இல்லை என்றும் இதை வாசிக்கலாம். அவ்வாசிப்பு, கிருமிகளே நேரடியாகக் கருப்பையை எட்டும் இன்னொரு வழியைக் கணக்கில் கொள்வதில்லை. 2010இல் ஆய்வாளர் யிப்பிங் ஹான் குழுவினர் வெளியிட்ட நிகழ்வில், இறந்து பிறந்த குழந்தையிடம் கண்ட ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற வாய்க் கிருமி, தாயின் ஈற்றடிப் படிவில் இருந்த அதே வகையே. ஒற்றை நிகழ்வு பொது விதியாகாது. ஆயினும் வாயிலிருந்து கருப்பைக்குக் கிருமி செல்லக்கூடும் என்பதற்கு அது வலுவான சான்று.

தொடராய்வின் எண்களிலும் ஓர் இடைவெளி உண்டு. முதல் சோதனையில் கருச்சிதைவும் இறந்து பிறத்தலும் சிகிச்சைப் பிரிவில் 5, மறு பிரிவில் 14. இவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. எனவே அதன்மேல் வாதம் எதையும் கட்ட முடியாது. எனினும் இரண்டு வயதில் அளக்கப்பட்டவர்கள் உயிர் பிழைத்த குழந்தைகள் மட்டுமே. அதிகம் பாதிக்கப்பட்ட கருக்கள் ஒரு பிரிவில் கூடுதலாக இழக்கப்பட்டிருந்தால், எஞ்சியோரின் சராசரி அப்பாதிப்பை மறைத்துவிடும்.

ஈறு நிலை நன்கு மேம்பட்ட தாய்மார்களின் குழந்தைகள் அறிதிறனிலும் உடலியக்கத்திலும் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றதையும் தொடராய்வு பதிவுசெய்கிறது. அது ஏறத்தாழ ஒரு புள்ளி அளவே. இந்த ஒப்பீடு குலுக்கலின் பாதுகாப்பை இழந்தது. விரைவில் குணமடையும் உடல்நிலையும் வாழ்நிலையும் குழந்தைக்கும் துணைநின்றிருக்கலாம். ஆகவே இதைச் சான்றாக அன்றி, ஆராயவேண்டிய தடயமாகவே கொள்ளவேண்டும். வாழ்நிலையைக் காட்டி, ஈறு நோய்க்கும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவுக்கும் வறுமையே பொதுக் காரணம் என்று எழக்கூடிய வாதமோ, வறுமை எவ்வழியே கருவைத் தொடுகிறது என்பதைச் சொல்லாதவரை விளக்கமாகாது.

கேள்வியைத் தீர்க்க, கருத்தரிக்கும் முன்பே சிகிச்சையைத் தொடங்கி, அழற்சிக் குறிகள் உண்மையில் தணிந்ததை உறுதிசெய்து, கரு இழப்பையும் விளைவாகச் சேர்த்துக் கணக்கிடும் சோதனை தேவை. இதற்கிடையே, கர்ப்ப காலத்தில் ஈறு சிகிச்சை பாதுகாப்பானது என்று இதே சோதனை காட்டியிருப்பதால், ஈறு வலியோடும் இரத்தக் கசிவோடும் வரும் கர்ப்பிணியைப் பிரசவம்வரை காத்திருக்கச் சொல்வதற்கு மருத்துவக் காரணம் இல்லை.