நண்பர்களோடு பினாங்கு போறீங்களா? பாயான் பாருவில் தங்குவது லாபமா, ஜார்ஜ் டவுனிலா?

ஹோட்டல் செயலியில் "பினாங்கு" என்று தட்டி, விலை குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்திப் பாருங்கள். ஜார்ஜ் டவுன், பத்து ஃபெரிங்கி கடற்கரை, விமான நிலையப் பக்கம், சில சமயம் கடலுக்கு அந்தப் புறம் இருக்கும் பட்டர்வொர்த் என்று எல்லாம் ஒரே பட்டியலில் கலந்து வரும். எல்லாவற்றிலும் "பினாங்கு" என்றுதான் போட்டிருக்கும். அந்தப் பட்டியலில் குழுவாகப் போகும் இளையர்களை அடிக்கடி இழுக்கும் ஒரு பெயர் பாயான் பாரு. அறை பெரிசு, கட்டடம் புதுசு, கார் நிறுத்த இடம் உண்டு, விலையும் குறைவு.

அப்புறம் ஏன் யோசிக்கணும்?

பாயான் பாரு எங்கே இருக்கிறது?

பினாங்குத் தீவின் தென்கிழக்கில். விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்து வட்டாரம். மலாயில் "பாரு" என்றால் புதிய. பெயருக்கேற்ப அது திட்டமிட்டுக் கட்டிய புறநகர். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கி, இண்டெல், ஹியூலட் பெக்கார்ட் போன்ற மின்னணு நிறுவனங்கள் வந்தன. அங்கே வேலை செய்பவர்களுக்கான வீடுகளும் சந்தையும் கடைகளுமாக வளர்ந்த ஊர் இது. (மலாயில் "பாயான்" என்பது கிளி. "பாயான் லெப்பாஸ்" என்றால் கைவிட்டுப் பறந்த கிளி! இப்போது அங்கே பறப்பது விமானங்கள்தான்.)

இந்த வரலாறு ஹோட்டல் தேடுபவருக்கு எதற்கு? அந்தப் பக்கம் உள்ள ஹோட்டல்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வேலையாக வருபவர்களையும் மாநாட்டுக்கு வருபவர்களையும் நம்பி நடப்பவை. அதனால்தான் அறை வசதியாக இருக்கும். சுற்றிப் பார்க்கும் இடங்கள் மட்டும் பக்கத்தில் இருக்காது.

நீங்கள் படம் எடுக்க நினைக்கும் ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரோவியங்கள், லிட்டில் இந்தியா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், குவீன் ஸ்திரீட் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில், குலக்குழு படகுத்துறை வீடுகள் எல்லாம் ஜார்ஜ் டவுனில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பாயான் பாருவிலிருந்து அங்கே போகச் சுமார் 12 கிலோமீட்டர். தீவில் இன்னும் ரயில் ஓடவில்லை. முத்தியாரா எல்ஆர்டி பாதையின் கட்டுமானம் 2025-இல்தான் தொடங்கியது. ஆக, பேருந்து அல்லது கார்.

கணக்குப் போட்டுப் பாக்கலாமா?

ஆறு பேர், மூன்று அறை, மூன்று இரவு என்று வைத்துக்கொள்வோம். இங்கே வரும் விலைகள் கணக்குக்காக நாமே போட்டவை. உங்கள் தேதிக்கு உள்ள விலையை வைத்து நீங்களும் இதேபோல் போட்டுப் பாருங்கள்.

பாயான் பாருவில் ஓர் அறை இரவுக்கு 130 ரிங்கிட். ஜார்ஜ் டவுனில் 180 ரிங்கிட். வித்தியாசம் 50. மூன்று அறைக்கும் மூன்று இரவுக்கும் 450 ரிங்கிட். விமான நிலையம் பக்கம் என்பதால் வரும்போதும் போகும்போதும் வாடகைக் காரில் காருக்கு 15 ரிங்கிட் மிச்சம் என்று கொள்வோம். ஆறு பேர் பெட்டியோடு என்றால் இரண்டு கார். அது 60 ரிங்கிட். மொத்தம் 510 ரிங்கிட் மிச்சம். தலைக்கு 85. நல்லாத்தானே இருக்கு?

இப்போது தினமும் ஜார்ஜ் டவுன் போய்வர வேண்டும். ஒரு காருக்கு ஒரு வழிக்கு 20 ரிங்கிட், இரண்டு கார். காலையில் போய் இரவில் திரும்பினால் ஒரு நாளைக்கு 80, மூன்று நாளைக்கு 240. மிச்சம் 270 ஆகக் குறைகிறது. தலைக்கு 45.

ஆனால் பினாங்கு வெயிலில் காலை முழுக்க நடந்த குழு, மத்தியானம் அறைக்குப் போய் குளித்து, கொஞ்சம் படுத்து, சாயங்காலம் மறுபடி கிளம்பத்தான் பார்க்கும். அப்போது நாளைக்கு நான்கு பயணம், 160 ரிங்கிட். மூன்று நாளைக்கு 480. கடைசியில் கையில் நிற்பது 30 ரிங்கிட். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஐந்து ரிங்கிட். அந்த ஐந்துக்காக தினமும் நிறைய நேரம் காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தொழிற்பேட்டை வேலை விடும் நேரத்தில் துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையில் மாட்டினால் இன்னும் கூடும்.

இரண்டு பேர் போனால் கணக்கு வேறு. ஒரு கார் போதும். குழு நான்கைத் தாண்டும்போதுதான் போக்குவரத்துச் செலவு இரட்டிக்கிறது. ஆறு பேர் ஏறும் பெரிய கார் கிடைத்தால் நல்லது. இரவு 11 மணிக்கு மேல் அது உடனே கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

பேருந்தில் போக முடியாதா? முடியும். ரெபிட் பினாங்கின் 401 வழித்தடம் விமான நிலையப் பக்கத்தையும் கொம்தாரையும் படகுத்துறை முனையத்தையும் இணைக்கிறது. செலவு மிகக் குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். ஜார்ஜ் டவுனுக்குள் இலவசமாகச் சுற்றிவரும் கேட் பேருந்தும் உண்டு. அதைப் பயன்படுத்த நீங்கள் முதலில் ஜார்ஜ் டவுனில் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

அப்போ பாயான் பாரு வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து காரில் போகும் குழுவுக்கு அது நல்ல இடம். ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களில் கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. பாயான் பாருவிலிருந்து பினாங்குப் பாலமும் பக்கம், டுரியான் தோட்டங்கள் உள்ள பாலிக் பூலாவும் பக்கம். சுங்கை நிபோங் பேருந்து நிலையத்துக்கு இரவு நேரத்தில் வந்து இறங்குபவர்களுக்கும், அதிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் அங்கே தங்குவது வசதி. செத்தியா ஸ்பைஸ் அரங்கில் இசை நிகழ்ச்சி பார்க்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கார் தேடும்போது நடந்தே அறைக்குப் போய்விடலாம். பினாங்குப் பாலம் மாரத்தானில் ஓடுபவர்களும் இந்தப் பக்கம்தான் அறை தேடுவார்கள். முழு மாரத்தான் நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும் ஓட்டம். அந்த வார இறுதியில் பாயான் பாருவும் மலிவாக இருக்காது.

நான்கு நாள் பயணம் என்றால் பிரித்தும் தங்கலாம். முதல் மூன்று இரவு ஜார்ஜ் டவுன், கடைசி இரவு பாயான் பாரு. பெட்டியை ஒரு தடவை மாற்றும் அலுப்பு உண்டுதான். காலை ஆறு மணி விமானம் இருந்தால் அந்த அலுப்பு தேவலாம்.

பெரிய வீடாக வாடகைக்கு எடுத்தால்?

எட்டு பேர், ஒரே அடுக்குமாடி வீடு, நீச்சல் குளம், சமையலறை. தலைக்கு வரும் விலை ஹோட்டலை விடக் குறைவு. பாயான் பாரு, பாயான் லெப்பாஸ் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய விளம்பரத்தில் வரும். இங்கேதான் கவனம் தேவை.

2023-இல் பினாங்கு மாநில அரசாங்கம் தீவில் குறுகியகால வாடகைக்குப் புதிய விதிமுறைகளை அறிவித்தது. குடியிருப்புக்கான அடுக்குமாடிகளில் அதற்கு இடமில்லை. வணிகப் பிரிவில் பதிவான கட்டடங்களில் நடத்தலாம். அதற்கும் உரிமையாளர்கள் கூட்டத்தில் 75 விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும். அதற்கு முன்பே, 2020 அக்டோபரில், கோலாலம்பூரின் மொண்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்குமாடி தொடர்பான வழக்கில் மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. குறுகியகால வாடகையைத் தடுக்கும் விதியைக் கட்டடத்தின் நிர்வாகக் கழகமே போடலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

செயலியில் ஒரு வீடு இருக்கிறது என்பதால் மட்டும் அது அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. சிங்கப்பூரில் தனியார் வீட்டைக்கூட மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது என்பது நமக்குத் தெரியும். அங்கே உள்ளவர்களுக்கும் அதே எரிச்சல்தான்: மின்தூக்கியில் தினமும் புதுப்புது முகம், நள்ளிரவில் நீச்சல் குளத்தில் கூச்சல். வார இறுதி விருந்தாளிகளான நாம், வேறொருவரின் வீட்டு வாசலில்தான் பெட்டியை உருட்டுகிறோம்.

பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: "இந்தக் கட்டடத்தில் குறுகியகால வாடகைக்கு நிர்வாகத்தின் அனுமதி இருக்கா?" பதில் சுற்றிவளைத்து வந்தால் விட்டுவிடுங்கள். "காவலாளி கேட்டா, நண்பர் வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க" என்று வந்தால் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். காவலாளி உள்ளே விடாவிட்டால், இரவு பத்து மணிக்கு எட்டு பேருக்கு அறை தேடி அலையப் போவது நீங்கள்தான்.

ஜார்ஜ் டவுனில் எந்தத் தெரு?

ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன், 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில், பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. பல தலைமுறையாகக் குறைந்த வாடகையில் இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. அந்தக் கடைவீடுகளில் சில இன்று நீங்கள் படத்தில் பார்த்து மயங்கும் அழகான சிறு ஹோட்டல்கள்.

அழகுதான், ஆனால் அவை ஹோட்டலாக இருக்கக் கட்டியவை அல்ல. பலவற்றில் மின்தூக்கி கிடையாது. செங்குத்தான மரப்படிதான். நடுவில் உள்ள அறைகளுக்குச் சன்னல் இருக்காது. மரத்தளம் என்பதால் மேல் அறையில் நடப்பவரின் ஒவ்வொரு அடியும் கேட்கும். குழுவில் முட்டிவலி உள்ள அம்மாவோ, 30 கிலோ பெட்டியோடு வரும் நண்பரோ இருந்தால் "மின்தூக்கி உண்டா, எந்த மாடி" என்று முன்பே கேளுங்கள். சின்ன இடங்களில் இரவு முகப்பில் ஆள் இருக்க மாட்டார். கதவு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். விமானம் தாமதமானால் என்ன ஏற்பாடு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சூலியா ஸ்திரீட், லவ் லேன் பக்கம் படுக்கை விடுதிகள் அதிகம், விலை குறைவு. இரவு மதுக்கூடச் சத்தமும் அதிகம். தூக்கம் முக்கியம் என்றால் இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் காலையில் தோசைக்கு அலைய வேண்டியதில்லை, அதுவே எங்கள் தெரிவு. கொம்தார் பக்கம் பெரிய ஹோட்டல்கள், மின்தூக்கி, பேருந்து நிலையம் எல்லாம் உண்டு. பெரியவர்களோடு போகும் குழுவுக்கு அது பொருந்தும். அங்கிருந்து பழைய தெருக்களுக்கு நடந்து போய்விடலாம்.

செயலியில் வராத செலவு

மலேசியாவில் 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டினருக்குச் சுற்றுப்பயண வரி உண்டு: ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். ஆளுக்கு அல்ல, அறைக்கு. மேலே சொன்ன ஆறு பேர் மூன்று அறை எடுத்தால் மூன்று இரவுக்கு 90 ரிங்கிட். மூவர் தங்கும் அறை இரண்டு எடுத்தால் 60. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்த வரி இல்லை. பினாங்கு மாநிலம் 2014-இலிருந்து தனியாக ஓர் உள்ளூர்க் கட்டணமும் வாங்குகிறது. அறிமுகமானபோது மூன்று நட்சத்திரம் வரை அறைக்கு 2 ரிங்கிட், அதற்கு மேல் 3 ரிங்கிட். இவற்றைச் சில செயலிகள் முன்கூட்டியே வாங்கிவிடும். சில ஹோட்டல்கள் முகப்பில் கேட்கும். அறை விலையோடு வரும் 8 விழுக்காட்டுச் சேவை வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்பதையும் பாருங்கள். இரண்டு ஹோட்டலை ஒப்பிடும்போது கடைசித் திரையில் வரும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். முகப்பில் வைப்புத்தொகை கேட்டால் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் அடிக்கடி மாட்டும் இடம் இன்னொன்று: "டபுள்" என்றால் ஒரே பெரிய கட்டில், "ட்வின்" என்றால் இரண்டு தனிக் கட்டில். அவசரத்தில் மாற்றித் தட்டிவிட்டால் யாராவது ஒருவர் தரையில்தான்.

எப்போது பதிவு செய்யலாம்?

தைப்பூசம், சீனப் புத்தாண்டு, ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை: இந்த நாள்களில் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போவதாக இருந்தால் பல மாதம் முன்பே அறை எடுத்துவிடுங்கள். அன்று சாலைகளை மூடுவார்கள் என்பதால் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது நல்லது.

கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதி உள்ள அறை கொஞ்சம் விலை கூடினாலும் குழுவுக்கு அதுவே ஏற்றது. ஆறு பேரில் ஒருவர் கடைசி வாரத்தில் "சாரி மச்சி, லீவு கிடைக்கல" என்பது நடக்கக்கூடியதுதான். ரத்து செய்யும் கடைசித் தேதிக்கு முந்தின நாளையே எல்லாரும் பணம் கொடுத்து முடிக்கும் நாளாக வைத்துக்கொண்டால், ஒருவர் தலையில் மொத்தமும் விழாது.

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் இண்டிகோவின் நேரடி விமானச் சேவை தொடங்கியது. அதனால் ஊரிலிருந்து அத்தை மகனும் மாமா மகளும் சேரும் பயணங்களுக்கும் இப்போது பினாங்கு வசதிதான். அவர்கள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை, வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு அது தேவையில்லை. அட்டையில் தங்கும் இடத்தின் முகவரியைக் கேட்பார்கள், ஆகவே அதற்குள் அறை உறுதியாகியிருக்க வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் இணையத்தளம் வந்தால் மூடிவிட்டு, மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்கே போங்கள்.