குல்மார்க்: பூவெளியிலிருந்து பனிவெளிக்கு

தமிழ் வாசகருக்குப் பனிமலை என்பது பெரும்பாலும் திரையில் கண்ட காட்சியே. 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தில் காஷ்மீர் என்று நாம் நம்பிப் பார்த்த காட்சிகளில் பெரும்பகுதி இமாசலப் பிரதேசத்து மணாலியில் எடுக்கப்பட்டவை. காஷ்மீரில் அன்று படப்பிடிப்பு நடத்தும் சூழல் இல்லை. அதே காரணத்தால் அதே ஆண்டுகளில் காஷ்மீரத்து மலைச்சரிவு ஒன்றில் வேறொரு பெரும்பணியும் பாதியில் நின்று கிடந்தது. இந்தியப் பனிச்சறுக்கின் தலைமைத் தலமான குல்மார்க்கின் கம்பிவட ஊர்திப் பணி அது.

பீர் பஞ்சால் மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது குல்மார்க். கௌரியின் பெயரால் 'கௌரிமார்க்' என வழங்கிய இப்புல்வெளிக்கு, 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் யூசுப் ஷா சக் 'பூக்களின் வெளி' என்று பொருள்படும் இன்றைய பெயரைச் சூட்டினார் என்பர். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இங்கே 21 வகைப் பூக்களைத் திரட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. பின்வந்த ஆங்கிலேயருக்கோ இது கோடை வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவும் கோல்ஃப் திடலாகவும் இருந்தது. இவர்கள் அனைவரும் நாடியது பூக்காலத்துக் குல்மார்க்கையே.

குளிர்காலத்தின் பக்கம் பார்வை திரும்பியது 1927இல். ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் இருவர் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை இங்கே தொடங்கினர். விடுதலைக்குப் பின், 1948இல், இந்திய ராணுவம் பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியை நிறுவியது. அதுவே வளர்ந்து உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியாயிற்று. துரைமார்களின் பொழுதுபோக்கு இவ்வாறு எல்லைக் காவலின் தேவையாக மாறியது. குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தளிக்க 1968இல் அழைக்கப்பட்ட ஆஸ்திரிய வல்லுநர் ருடால்ப் மாட் சுட்டியதும் குல்மார்க்கைத்தான். அதன் பிறகே பயிற்சி நிலையமும் சரிவுகளும் பொதுமக்களுக்காக உருப்பெறத் தொடங்கின.

1980களின் இறுதியில் போமகால்ஸ்கி என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் துணையோடு கம்பிவட ஊர்திப் பணி தொடங்கிற்று. பள்ளத்தாக்கில் வன்முறை மூண்டது, பணி நின்றது. கொங்தூரி வரையிலான முதற்கட்டம் 1998இல்தான் திறக்கப்பட்டது. 2005இல் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் தோள்வரை, 3,900 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குச் சென்றது. உலகெங்கிலுமிருந்து சறுக்குவீரர்கள் வரலாயினர். மலையின் மறுமுகத்தையும் நாம் மறத்தலாகாது. 2010 பிப்ரவரியில் பயிற்சியிலிருந்த ராணுவ வீரர்கள் பதினேழு பேர் பனிச்சரிவில் மாண்டனர். 2017 ஜூனில் மரம் சாய்ந்து ஊர்திப் பெட்டி வீழ்ந்ததில் ஏழு பேர் இறந்தனர்.

இவ்வரலாற்றில் உள்ளூர் மக்களின் பங்கு தாமதமாகவே கண்ணுக்குத் தெரிந்தது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் காஷ்மீரரான குல் தேவ் சறுக்கினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகச் சென்ற ஆரிப் கான், குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை நடத்தியவரின் மகன். பெருஞ்சரிவுப் போட்டியில் அவர் பெற்றது 45ஆம் இடம். அந்த எண்ணின் பின்னால், சறுக்குவண்டி இழுப்போர், குதிரைக்காரர், பயிற்றுநர் எனக் குளிர்காலத்தை நம்பி வாழும் ஓர் ஊரே நிற்கிறது.

அந்த ஊரின் அச்சம் இன்று பனியைப் பற்றியது. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று; காஷ்மீருக்குப் பனி தருவது மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வரும் மேற்கத்தியக் காற்றலைகள். டிசம்பர் 21 தொடங்கும் 'சில்லே கலான்' என்னும் நாற்பது நாள் கடுங்குளிரில் விழும் பனியே இறுகி நிலைக்கும். கோடையில் ஓடைகளையும் வயல்களையும் காக்கும். பிந்தி விழுவது விரைவில் உருகிவிடும். 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பழுப்பாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனியின்மையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

ஐயப்பன்தாங்கலிலிருந்து இதை எழுதும் நமக்கு இது அயலார் கதையாகத் தோன்றவில்லை. தாங்கல் என்றால் பாசனத்துக்கு நீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரி. சென்னையின் மேற்கே எத்தனையோ ஊர்ப்பெயர்களில் தாங்கல் இருக்கிறது. பல இடங்களில் நீர் இல்லை. அபர்வத்தின் பனியும் ஒரு தாங்கலே. அதன்மேல் சறுக்கி விளையாட மனிதர் கற்று நூறாண்டுகூட நிறையவில்லை. அதற்குக் கீழே நெல் விளைவிப்போரோ எத்தனையோ தலைமுறைகளாக அந்த நீரை எதிர்பார்த்திருக்கிறார்கள்.