நாய் மார்க்கும் நம் சங்கத்து முத்திரையும்

'லோகோ' என்ற சொல் நம்ம ஊர்ப் பக்கம் வருவதற்கு வெகு காலம் முன்பே 'மார்க்' வந்துவிட்டது. தீபாவளிக்கு அணில் மார்க் பட்டாசு என்றுதான் கேட்போமே தவிர, கம்பெனிப் பேரை யார் கேட்டார்கள்? எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துச் சரக்கை அடையாளம் காண வேண்டும். மார்க் பிறந்ததே அதற்காகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் கிருஷ்ணனையும் லட்சுமியையும் வண்ணத்தில் அச்சடித்து ஒட்டினார்கள் என்றால் சும்மாவா? வியாபாரி விவரம் தெரிந்தவன்!

அவர்களுக்கும் முன்னோடி நம் சோழர்களே. செப்பேட்டு வளையத்தில் பதித்த முத்திரையைப் பாருங்கள். உட்கார்ந்த புலி, பக்கத்தில் பாண்டியனின் இரண்டு மீன், சேரனின் வில், மேலே குடை, இருபுறமும் சாமரம். யார் யாரை வென்றார் என்ற அரசியல் முழுவதும் ஒரு உள்ளங்கை அளவுக்குள் அடங்கிவிட்டது.

திருவையாற்றுக்காரர்களுக்கு மறக்க முடியாத மார்க் ஒன்று உண்டு. அதுதான் நாய் மார்க் பிளேட். பிரான்சிஸ் பரோ என்ற ஆங்கில ஓவியர், நிப்பர் என்ற நாய் ஒலிக்கருவியின் குழாய் முன் காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதாக வரைந்தார். முதலில் அவர் வரைந்தது வேறு கம்பெனியாரின் கருவி. அதை அழித்து, தங்கள் கிராமபோனை வரையச் சொல்லி 1899ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கிக்கொண்டது. அதற்கு முன் அவர்கள் மார்க் ஒரு தேவதை. இறகு எழுதுகோலால் தட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். நாய் வந்தது, தேவதை போனாள். 1908ல் கல்கத்தாவில் தொழிற்சாலை திறந்து இங்கேயே பிளேட் அடித்தார்கள். ஐயாற்றில் தியாகராஜ சுவாமிகளுக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் குரலும் பிளேட்டில் ஏறியது. சபாப் பக்கமே போகாத வீட்டிலும் கீர்த்தனை கேட்டது என்றால், அது அந்த நாய் காவல் இருந்த தட்டால்தான். அந்தக் கம்பெனி 2000ல் 'சரிகம' என்று பெயர் மாறியது. நாய் போய் ஸ்வரம் வந்ததில் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி வருத்தம்.

பிறகு வந்தது எளிமையின் காலம். ஸ்டேட் வங்கிக்கு முன்பு ஆலமரம் சின்னமாக இருந்தது. 1971ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் அதை நீக்கிவிட்டு நீல வட்டமும் சாவித்துளை போன்ற வெட்டும் வைத்தார். விழுது ஒன்றுகூட இல்லை! ஆனால் பஸ்ஸில் போகும்போது தூரத்திலிருந்தே தெரிந்தது. இன்றைக்கு மார்க் பார்க்கும் இடம் கடைப் பலகை அல்ல, கைப்பேசியில் விரல் நுனியளவுக் கட்டம். அதில் சாமரமும் தெரியாது, நாயின் காதும் தெரியாது. அதனால்தான் கூகுள் 2015ல் எழுத்தின் வால்களை நறுக்கியது. பர்பரி என்ற லண்டன் துணிக் கம்பெனி 2018ல் எல்லாரையும் போல மொட்டை எழுத்துக்கு மாறி, 2023ல் தன் பழைய குதிரை வீரனைத் திரும்ப அழைத்துக்கொண்டது. எல்லாக் கடையும் ஒரே முகமாய் இருந்தால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் சங்கத்து முத்திரையை மாற்ற வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். கோபுரம், வீணை, ஏட்டுச்சுவடி, நெற்கதிர், சுற்றிலும் வாசகம் என்று அடைத்த நம் முத்திரை, வாட்ஸ்அப்பில் மசிக்கறை மாதிரித்தான் தெரிகிறது. பிள்ளைகள் சொல்வது நியாயம். ஆனால் அதற்குப் பதில் அவர்கள் காட்டிய ஒற்றை ஆங்கில எழுத்தும் நீல வட்டமும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், சென்னை சாப்ட்வேர் கம்பெனிக்கும் பொருந்தும். நம்முடையது என்று எதைச் சொல்ல?

காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு. ஊர்ப் பெயரிலேயே ஐந்து ஆறு இருக்கிறது. வளைந்த ஐந்து கோடு போதும். நகத்தளவிலும் தெரியும், ஒரே மசியில் அச்சாகும், செலவும் குறைவு. கீழே ஊர்ப் பெயரைத் தமிழில் போடலாம். ஒரு தாளில் வரைந்து மலர்க் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணல்தான். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பிகள் சீராக்கி, வரும் பொதுக்குழுவில் வைக்கட்டும்.