பசியும் பாடமும்

பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு அளிப்பது கல்விச் செலவா, தருமமா? நூறாண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட தவறான விடை, சென்னைச் சிறுவர் பலரின் உணவைப் பறித்தது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922–23இல் 811 பேர் படித்தனர். 1924–25இல் 1,671 பேர்! ஆயினும் தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட ஆங்கில அரசு இசையவில்லை. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பிறகே மீண்டும் உயிர் பெற்றது.

1956இல் முதலமைச்சர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குப் பெரிதும் உழைத்தார். ஊர் மக்களும் பொருள் கொடுத்துத் தாங்கினர். 1982 சூலை முதல் நாள், எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். நம் மீன்சுருட்டியும் அன்று அதே மாவட்டத்தில்தான் இருந்தது.

அரிசி மட்டும் போதுமா?

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியசு சூடாக்கத் தேவையான வெப்பம் ஒரு கிலோகலோரி. நூறு கிராம் அரிசி சுமார் 350 கிலோகலோரி தருகிறது. மூன்றரை லிட்டர் பனிக்கட்டி நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஆனால் உடல் அடுப்பு மட்டுமன்று, வளரும் கட்டடமும்கூட. அதற்குப் புரதம் வேண்டும். தொடக்கப் பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 450 கிலோகலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். நூறு கிராம் அரிசியில் உள்ள புரதமோ ஏழு கிராம் அளவே.

இக்குறையைப் பருப்பு ஓரளவு நிரப்பும். முட்டை ஒன்று ஆறு கிராம் தரும். 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. முட்டை உண்ணாதவருக்கு வாழைப்பழம் உண்டு. ஆனால் பழத்தில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். எனவே அப்பிள்ளைகளுக்குப் பயறும் கொண்டைக்கடலையும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்.

காலைப் பசி

நடவுக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தாய்மார் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். வெறும் வயிற்றுடன் வரும் பிள்ளை, மதியமணி அடிக்கும் வரை எப்படிக் கணக்குப் போடும்? ஓய்வுநிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது; சிறுவர்களிடம் இப்பங்கு இன்னும் அதிகம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகத்தில் தமிழகம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சென்றால் கரும்பலகையைப் பார்ப்பதுபோல் தட்டையும் பாருங்கள். பருப்பு உண்டா? காய்கறி உண்டா? முட்டை உண்ணாத பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? இவையும் கல்வியைப் பற்றிய கேள்விகளே.